ஒரு நகம் முழுதாக வளர ஆறு மாதம்: அழகுக்கலை பழகுபவர்களுக்கு

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்து அழகு நிலையங்களுக்கு வெளிநாட்டுக் கைகள் நிறைய வரும். கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் நகத்துக்கு ஜெல் பூச்சு பூசிக்கொண்டு வந்தவர்கள், அது பாதி கிளம்பிய நிலையில், "பிள்ளை, இதைக் கழற்றிவிட முடியுமா?" என்று கேட்டபடி உள்ளே வருவார்கள். நான் தொழில் பழகிக்கொண்டிருந்த வருடம், தேருக்கு முதல் நாள், அப்படி ஓர் அக்கா என் முன்னால் வந்து அமர்ந்தார். பின்னால் ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஊறவைத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. நடுவிரலில் கிளம்பியிருந்த ஓரத்துக்குக் கீழே இரும்புத் தள்ளியைச் செருகி நெம்பினேன். ஜெல் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அதன் அடிப்பக்கத்தில் மீன் செதிளைப் போல வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. முதலில் அதைப் பசை என்று நினைத்தேன். அது அக்காவின் நகம்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "எரிகிறது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். ஊர் திரும்பிய பிறகு அந்த விரலை மாதம் ஒருமுறை படம் எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டிருந்தேன். வெண்ணிறமாகச் சொரசொரத்த அந்தத் திட்டு மெல்ல மெல்ல நுனியை நோக்கி நகர்ந்தது. தைப்பொங்கலுக்கு வந்த படத்தில்தான் அது வெட்டுப்பட்டுப் போயிருந்தது. என் அரை நிமிட அவசரத்துக்கு ஐந்து மாதம்.

நகத்தைப் பற்றி நான் உண்மையில் கற்றுக்கொண்டது அந்தப் படங்களிலிருந்துதான். என்.வி.கியூ. என்ற தொழிற்தகைமைச் சான்றிதழுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "எந்தப் போத்தல் நல்லது அக்கா?" என்பதாக இருக்கும். அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

நகம் என்றால் என்ன

நாம் பூசுவதும் அராவுவதும் வெட்டுவதும் நகத்தின் உயிரற்ற பகுதி. தலைமயிரைப் போலவே அதுவும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. இறந்த கலங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து தட்டையான ஒரு தகடாகின்றன. கைவிரலில் அந்தத் தகட்டின் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். அதற்குள் இரத்தமும் நரம்பும் இல்லை. தகட்டுக்குக் கீழே இருக்கும் நகப்படுக்கையில் இரண்டும் உண்டு. அக்காவுக்கு எரிந்தது அங்கேதான். நான் உரித்த இடத்தில் தகடு மெலிந்து, படுக்கைக்கு மேலே போதிய மூடி இல்லாமற் போயிருந்தது.

நகம் பிறக்கும் இடம் தோலுக்குள்ளே, விரலின் அடிப்பக்கம் மறைந்திருக்கிறது. அதை நகவேர் என்று வைத்துக்கொள்வோம். பெருவிரலில் தெரிகிற வெண்பிறை அந்த வேரின் வெளித்தெரியும் முனை. வேருக்கு உயிர் இருக்கிறது. வேரில் அடிபட்டால் நகம் நெடுங்காலம், சிலவேளை நிரந்தரமாகவே, கோணலாக வளரும். தகட்டில் அடிபட்டால் அது வளர்ந்து வெளியேறும்வரை அப்படியே இருக்கும். தோல் கிழிந்தால் மூடிக்கொள்ளும். நகத்தகடு கிழிந்தால் மூடிக்கொள்ளாது, ஏனென்றால் மூடுவதற்கு அங்கே உயிருள்ள கலமே இல்லை. "சேதமான நகத்தை ஒரே கிழமையில் சீராக்கும்" என்று எழுதிய போத்தலைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பூசும் எதுவும் தகட்டை ஆற்றாது. மறைக்கலாம், தாங்கலாம், உலராமல் காக்கலாம். மிச்சத்தை வேர் செய்ய வேண்டும்.

கியூட்டிக்கிள் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. நகத்தின் அடியில் தெரியும் தோல் மடிப்பு உயிருள்ளது. அதிலிருந்து உரிந்து நகத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய, நிறமற்ற படலம் இறந்தது; கியூட்டிக்கிள் என்பது அதுதான். அந்தப் படலத்தைத்தான் மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். மடிப்பை வெட்டக் கூடாது. வேருக்குப் போகும் வாசலைத் தண்ணீரும் கிருமியும் புகாமல் அடைத்துவைத்திருப்பது அந்த மடிப்புத்தான். "வடிவாக, சுத்தமாக வெட்டிவிடு பிள்ளை" என்று வாடிக்கையாளர் கேட்டாலும் வெட்டாதீர்கள். நகவிளிம்பு வீங்கிச் சீழ் கட்டி வருபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பலர் சில நாட்களுக்கு முன்னர்தான் எங்கேயோ அந்த மடிப்பை வெட்டியிருப்பார்கள், அல்லது தாங்களே கடித்து இழுத்திருப்பார்கள்.

வளரும் வேகத்துக்கு வருவோம். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் சொந்த நகம் வளர்வதை 35 ஆண்டுகள் விடாமல் அளந்தார். மாதம் ஒருமுறை நகத்தின் அடியில் ஒரு கோடு அராவி, அது நுனிக்குப் போய்ச்சேர எடுக்கும் நாளைக் குறித்துக்கொள்வது அவர் வழி. 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. 1980இல் இதை வெளியிட்டார். எங்களுக்கு வேண்டிய கணக்கு எளிது: கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர், முழுதாக மாறுவதற்கு ஆறு மாதமளவில். கால் நகம் அதன் பாதி வேகம். பெருவிரலுக்கு ஒரு வருடத்துக்கு மேலே, ஒன்றரை வருடம்வரை போகலாம். வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக வளரும். இந்த எண்ணை வாடிக்கையாளருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்பார்ப்பு சரியாக இருந்தால் அவர் பொறுமையாக இருப்பார்.

கையைப் படிப்பது

பொருளைத் தேர்வதற்கு முன்னால் பழைய பூச்சு எல்லாவற்றையும் அகற்றி, நல்ல வெளிச்சத்தில் பத்து விரலையும் பாருங்கள். கேள்வியும் கேளுங்கள். எங்கள் ஊரில் ஒரு கையைப் பார்த்தால் அந்த வீட்டின் வேலையே தெரிந்துவிடும்.

குருநகரிலிருந்து ஓர் அன்ரி என்னிடம் வருவார். காலையில் நண்டும் இறாலும் சுத்தம் செய்வார், பகலில் பாத்திரம், பின்னேரம் உடுப்பு. அவருடைய நகங்களின் நுனி பழைய ஓலைச் சுவடி ஏடு பிரிவதைப் போல இரண்டு மூன்று படலங்களாகப் பிரிந்திருக்கும். "கல்சியம் காணாது என்று சொல்கிறார்கள் பிள்ளை" என்று மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். காரணம் தண்ணீர். நகம் தண்ணீரை எளிதாக உறிஞ்சி உப்புகிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. நாளுக்கு இருபது தடவை உப்பிச் சுருங்கினால் படலங்களை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்பு விட்டுப்போகும். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் வன்தன்மை கூடியது, சவர்க்காரம் லேசில் நுரைக்காது. நுரை வரும்வரை மேலும் மேலும் தேய்க்கிறோம், சவர்க்காரமோ நகத்தில் இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகிறது. அன்ரிக்கு நான் எந்தப் பூச்சும் விற்கவில்லை. உள்ளே பஞ்சுத்துணி வைத்த இறப்பர்க் கையுறை ஒன்று வாங்கச் சொன்னேன். வேலை முடிந்ததும் நல்லெண்ணெய் இரண்டு துளி நகத்தடியில் தேய்க்கச் சொன்னேன். இறாலுக்குக் கையுறை போட முடியாது, கைக்குப் பிடிபடாது என்றார். சரி, பாத்திரத்துக்கும் உடுப்புக்குமாவது போடுங்கள் என்றேன். மூன்றாம் மாதத்தில் அடிப்பாதி பிரியாமல் வளர்ந்திருந்தது.

வெள்ளைப் புள்ளிகளைக் கண்டாலும் கல்சியம் என்பார்கள். பெரும்பாலும் அவை எப்போதோ நகத்தடியில் பட்ட சிறு இடியின் அடையாளம், வளர்ந்து போய்விடும். நீளவாக்கில் மெல்லிய வரிகள் வயதோடு வருபவை, அவற்றை அராவிச் சமப்படுத்தப் போனால் தகடுதான் மெலியும். குறுக்காக ஒரு பள்ளம் எல்லா விரலிலும் ஒரே உயரத்தில் இருந்தால், "இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னர் கடுமையான காய்ச்சல் ஏதும் வந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரிய நோயின்போது வேர் சில நாட்கள் வேலையைக் குறைத்துவிடும். அந்த இடைவெளியே பள்ளமாக வெளியே வருகிறது. பள்ளம் அடியிலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளி இருந்தால், மாதம் மூன்று என்ற கணக்கில், இரண்டு மாதத்துக்குச் சற்று முன்னர் என்று சொல்லிவிடலாம். மாரி மழையோடு டெங்கு வந்துபோன வருடங்களில் இதை மாசி, பங்குனியில் பார்த்திருக்கிறேன்.

சிலவற்றைத் தொடக் கூடாது. நகம் படுக்கையிலிருந்து விட்டுக் கிளம்பியிருப்பது, பச்சை நிறம், தடித்து மஞ்சளாகிப் பொடியாக உதிர்வது, விளிம்பில் வீக்கமும் சீழும், கரண்டிபோலக் குழிந்திருப்பது, ஊசியால் குத்தியதைப் போல நிறையக் குழிகள். பச்சை நிறம் என்பது கிளம்பிய இடைவெளியில் ஈரம் தங்கி அங்கே பாக்டீரியா வளர்ந்ததன் அடையாளம். அதன்மேலே புது ஜெல் பூசி மறைப்பது நீங்கள் செய்யக்கூடிய மிக மோசமான வேலைகளில் ஒன்று. தடித்த மஞ்சள் நகம் பூஞ்சணமாக இருக்கலாம், சொரியாசிஸ் என்ற தோல் நோயாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவுசெய்வது எங்கள் வேலை அல்ல, பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். இன்னொன்றைக் கவனமாக நினைவில் வையுங்கள்: எங்களைப் போன்ற கருநிறத் தோலில் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருக்கும், பயமில்லை. ஆனால் ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றிய கருங்கோடு, அகன்றுகொண்டே போகும் கோடு, அல்லது அதன் நிறம் பக்கத்துத் தோலிலும் பரவியிருப்பது என்றால் அன்றே தோல் வைத்தியரிடம் அனுப்புங்கள். நகத்தின் கீழ் வரும் ஒருவகைத் தோல் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும். வருடக்கணக்காகப் பூச்சு போட்டே பழகியவர் தன் நகத்தை வெறுமையாகப் பார்ப்பதே இல்லை. பூச்சை அகற்றிப் பார்ப்பவர் நீங்கள்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது

எங்கள் அம்மாமார் நகப்பூச்சு எதுவானாலும் கியூட்டெக்ஸ் என்றுதான் சொல்வார்கள். கியூட்டெக்ஸ் ஒரு நிறுவனப் பெயர். 1911இல் அமெரிக்காவில் கியூட்டிக்கிள் அகற்றும் திரவத்துக்கு வைத்த பெயர். நகப்பூச்சு அதன் பிறகே வந்தது.

சாதாரண நகப்பூச்சின் அடிப்படை நைட்ரோசெலுலோஸ் என்ற படலம் தரும் பொருள். அதை எதைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து, நொறுங்காமல் வளைவதற்கு ஒன்று, நகத்தோடு பிடிப்பதற்கு ஒரு பிசின், நிறத்துக்கு வண்ணப்பொடி எனச் சேர்க்கிறார்கள். பூசியதும் கரைப்பான் ஆவியாகிப் படலம் மட்டும் நிற்கிறது. இது விளங்கினால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். பூச்சு ஏன் தடிக்கிறது? மூடி சரியாக மூடாமல் கரைப்பான் போய்விட்டது. அதற்கு அசிட்டோன் ஊற்றினால் கலவையின் சமநிலை கெட்டு, பளபளப்பும் பிடிப்பும் போகும். பூச்சுக்கென்றே விற்கும் தின்னரை இரண்டு துளி விடுங்கள். ஏன் குமிழி வருகிறது? போத்தலை மேலும் கீழுமாகக் குலுக்கியிருப்பீர்கள், அல்லது மின்விசிறிக்கு நேர்கீழே பூசியிருப்பீர்கள். காற்றில் மேற்பரப்பு முதலில் காய்ந்து, உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழியின்றிக் கொப்பளிக்கிறது. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். மேசையையாவது தள்ளிப் போடுங்கள். போத்தலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்குங்கள்.

அடிப்பூச்சு, அதாவது பேஸ் கோட், கட்டாயம். அது இல்லாமல் கடுஞ்சிவப்பைப் பூசினால் நிறம் தகட்டுக்குள் இறங்கி மஞ்சளாக நிற்கும். அராவி எடுக்க முயலாதீர்கள், வளர்ந்தே போகட்டும். பூசுவதற்கு முன் கையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறவைப்பது எங்கும் நடக்கிற பழக்கம். அதை நான் விட்டுவிட்டேன். ஊறி உப்பிய நகத்தில் பூசினால், மாலையில் நகம் சுருங்கும்போது பூச்சு நுனியில் வெடிக்கும். கலியாணத்துக்கு முதல் நாள் பூசியது தாலி கட்டும் நேரத்திலேயே உரிகிறது என்று வரும் குறைக்குப் பல தடவை இதுதான் காரணம்.

நகம் கெட்டியாக்கும் திரவங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் படலமாக மேலே நின்று தாங்குவது. மற்றது போர்மல்டிஹைட் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்றால் கெரட்டினையே இறுக்குவது. இரண்டாவது வகை மிக மெல்லிய, துணிபோல வளையும் நகத்துக்குச் சில கிழமைகள் உதவும். தொடர்ந்து பூசினால் வளையும் தன்மை போய் நகம் கண்ணாடியைப் போல உடையும். குருநகர் அன்ரியுடையது போல ஏற்கெனவே உலர்ந்து பிரியும் நகத்துக்கு அதை ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். போத்தலில் "மூன்று இல்லை", "ஐந்து இல்லை", "பத்து இல்லை" என்று எழுதியிருப்பதும் குழப்பும். மூன்று என்பது வழக்கமாக டைபியூட்டைல் தாலேட், தொலுயீன், போர்மல்டிஹைட். அதற்கு மேற்பட்ட எண்களுக்கு ஒரே வரையறை இல்லை, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பட்டியல் வைத்திருக்கிறது. முன்பக்க எண்ணை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொருட்பட்டியலைப் படிக்கப் பழகுங்கள். பட்டியலே இல்லாத, உற்பத்தியாளர் பெயரும் தொகுதி இலக்கமும் இல்லாத போத்தலை யாழ்ப்பாண நவீன சந்தையில் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். திறந்த டப்பாவின் சிறு படமும் அதற்குள் 12 அல்லது 24 என்ற எண்ணும் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதம் பாவிக்கலாம் என்று பொருள். திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஜெல் வேறு இனம். அது காய்வதில்லை, ஒளிபட்டு, சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் பிளாஸ்டிக்காக இறுகுகிறது. இறுகிய ஜெல்லால் பெரிய தொல்லை இல்லை. இறுகாத ஜெல்தான் ஆபத்து. அதில் இருக்கும் அக்ரிலேட்டுகள், குறிப்பாக ஹீமா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒன்று, தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். விரல்நுனி அரிப்பு, வெடிப்பு, நகம் கிளம்புதல் என்று தொடங்கும். தொட்ட கை கண்ணில் பட்டால் இமையில் தடிப்பு வரும். பல் அடைப்புக்கும் எலும்புச் சத்திரசிகிச்சையில் வைக்கும் சீமெந்துக்கும் அதே குடும்பத்துப் பொருட்கள் பயன்படுகின்றன, ஆகையால் இந்த ஒவ்வாமை நாளை பல் வைத்தியரின் நாற்காலியிலும் வந்து நிற்கலாம். வாடிக்கையாளர் மாதத்துக்கு ஒருமுறை தொடுவதை நீங்கள் நாளுக்கு ஐந்து முறை தொடுகிறீர்கள். உங்களுக்குத்தான் கூடிய ஆபத்து. தோலிலிருந்து ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பூசுங்கள். வழிந்தால் விளக்கில் வைப்பதற்கு முன்னரே துடையுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், அதையும் அடிக்கடி மாற்றுங்கள், ஏனென்றால் மெல்லிய கையுறையை அக்ரிலேட் ஊடுருவும். ஜெல்லை அந்த நிறுவனம் சொன்ன விளக்கிலேயே, சொன்ன நேரம் வையுங்கள். 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில், பாதியில் விளக்கு அணைந்து, மேலே கெட்டியாகவும் உள்ளே பிசுபிசுப்பாகவும் நின்ற நகங்களைப் பார்த்தேன். அப்படி நின்றால் துடைத்து அகற்றிவிட்டு மின்சாரம் வந்த பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் இப்போது டிபிஓ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஒளியில் ஜெல் இறுகத் தொடங்குவதற்குச் சேர்க்கும் பொருள் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டெம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடைசெய்யப்பட்டுவிட்டது. பதில் சொல்ல முடியாமல் நிற்காதீர்கள், பட்டியலைப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள்.

செயற்கை நகம் செய்யும் அக்ரிலிக் பொடியும் திரவமும் பழகுபவர்கள் எம்எம்ஏ (மெதைல் மெதாக்ரிலேட்) என்ற திரவத்தைத் தவிருங்கள். மூக்கை அடைக்கும் நெடி, வழக்கத்துக்கு மாறான மலிவு, அசிட்டோனில் எவ்வளவு ஊறினாலும் கரையாத கடினம் ஆகியவை அதன் அடையாளங்கள். எங்கேயாவது மோதினால் செயற்கை நகம் உடையாமல் இயற்கை நகத்தையே பிய்த்துக்கொண்டு வரும். நகப் பொருட்களில் அதைப் பாவிப்பதை எதிர்த்து அமெரிக்க அதிகாரிகள் 1970களிலேயே நடவடிக்கை எடுத்தார்கள். அதற்குப் பதிலாக ஈஎம்ஏ (எதைல் மெதாக்ரிலேட்) உள்ள திரவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கழற்றுவது

பூசப் பழகுவதற்கு மாதக்கணக்கில் செலவிடுகிறோம். நகம் பாழாவதோ பெரும்பாலும் கழற்றும்போதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஜெல்லின் மேற்பளபளப்பை 180 இலக்க அரத்தால் மட்டும் உடையுங்கள். அரத்தில் எண் குறையக் குறையச் சொரசொரப்புக் கூடும். 100 இலக்கம் செயற்கை நகத்துக்கு, இயற்கை நகத்தின் நுனிக்கு 180க்குக் கீழே போகவே வேண்டாம், பிரியும் நகத்துக்கு 240. சுற்றியுள்ள தோலில் எண்ணெய் அல்லது வாஸ்லீன் தடவுங்கள். நகத்தின் அளவுக்கே வெட்டிய பஞ்சை அசிட்டோனில் நனைத்து வைத்து, அலுமினியத் தாளால் சுற்றுங்கள். கை முழுவதையும் கிண்ணத்தில் அமிழ்த்தினால் தேவையில்லாத தோலெல்லாம் உலரும். பத்து நிமிடம் கழித்து ஒரு விரலை மட்டும் திறந்து பாருங்கள். ஜெல் சுருங்கி, காய்ந்த குளத்துச் சேறு வெடித்து மேலெழுந்ததைப் போல நிற்க வேண்டும். மரக்குச்சியால் தொட்டவுடன் வழுக்கி வந்தால் எடுங்கள். கொஞ்சமாவது இழுத்துப் பிடித்தால் திரும்பச் சுற்றி இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். இங்கேதான் அன்று நான் தவறினேன். இரும்புத் தள்ளி வேண்டாம். மின் அரம் பழகுபவர்கள் இயற்கை நகத்துக்குக் கிட்ட அதைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே இடத்தில் ஒரு விநாடி அழுத்தினால் நகத்தின் அடியில் பிறைபோல ஒரு சிவந்த வளையம் விழும், அது தகடு மெலிந்து படுக்கை தெரிவது.

சாதாரணப் பூச்சுக்கு அசிட்டோன் இல்லாத அகற்றியே போதும். பஞ்சை நகத்தின்மேல் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு நுனியை நோக்கி ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் நிறம் விளிம்புக்குள் புகும். நெடுநாள் பூச்சு இருந்த நகத்தில் வெண்சுண்ணாம்பு பூசியது போலத் திட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சணம் என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் மேற்பரப்புக் கலங்கள் பூச்சோடு சேர்ந்து உரிந்த இடம் அது. எண்ணெய் தடவி, இரண்டு மூன்று கிழமை பூச்சில்லாமல் விடச் சொல்லுங்கள். குறையவில்லை, பரவுகிறது என்றால் வைத்தியர்.

அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேசையிலிருந்து வழிந்து தரையோடு பரவும். மணமகள் அலங்காரத்துக்கு வீட்டுக்குப் போகும்போது அங்கே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும், யாராவது சாம்பிராணித் தட்டோடு நடப்பார்கள். விளக்கிருக்கும் அறையில் போத்தலைத் திறக்காதீர்கள். யன்னல் உள்ள வேறு அறையைக் கேளுங்கள். பருத்தித்துறைக்கோ சாவகச்சேரிக்கோ ஸ்கூட்டரில் போகும்போது இருக்கைக்கு அடியிலிருக்கும் பெட்டியில் அதை வைத்து வெயிலில் நிறுத்தவும் வேண்டாம்.

சேதமான நகத்தோடு வாழும் மாதங்கள்

குட்டையாக வெட்டிவிடுங்கள். நீண்ட நுனி நெம்புகோலைப் போல வேலைசெய்து கிழிசலை அடிக்கு இழுக்கும். நுனி சதுரமாக வேண்டாம், விரலின் வளைவோடு வட்டமாகப் போகட்டும். கை கழுவி ஒற்றியதும், ஈரம் முழுதாக ஆறுவதற்கு முன்னர் எண்ணெய் அல்லது களிம்பு. வெளிநாட்டு ஜொஜோபா எண்ணெய் நல்லது. ஆனால் கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம், தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஈரம் பறிபோகாமல் காக்கும். மிகவும் உலர்ந்த நகத்துக்குப் பார்மசியில் கிடைக்கும் யூரியா கலந்த களிம்பு உதவும். எந்த எண்ணெய் என்பதைவிட நாளுக்கு எத்தனை தடவை என்பதே முக்கியம். நான்கு தடவையாவது.

தேசிக்காய்ப் பாதியால் நகத்தைத் தேய்த்தால் மஞ்சள் போகும் என்ற கைவைத்தியம் எங்கள் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். தேசிச்சாறு பட்ட தோலோடு வெயிலில் போனால் சூரிய ஒளியோடு சேர்ந்து கொப்புளமும் கருந்தழும்பும் வரும். எங்கள் வெயிலுக்கு அது அதிக நேரம் எடுக்காது. மருதாணி இலை அரைத்து வைப்பதில் பிழையில்லை. அதன் சாயம் கெரட்டினோடு பிணைந்து வளர்ந்து போகும்வரை நிற்கும், நகத்தை மெலியச் செய்யாது. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூ செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும் என்பதால் முஸ்லிம் சகோதரிகள் பலர் பூச்சைத் தவிர்த்து மருதாணியையே கேட்பார்கள், மனநிறைவோடு வையுங்கள். கறுப்பு மருதாணி என்று விற்பது வேறு; அதில் தலைமயிர்ச் சாயத்தில் வரும் பிபிடி கலந்திருக்கலாம், தோலைச் சுட்டுவிடும்.

பயோட்டின் மாத்திரை பற்றிக் கேட்பார்கள். எளிதில் உடையும் நகத்துக்கு உதவுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் இருக்கின்றன, அதற்கு மேல் உறுதியாக எதுவும் இல்லை. ஆனால் அது தைரொய்ட் பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனையையும் பிழையாகக் காட்டவைக்கலாம் என்று அமெரிக்க மருந்து அதிகாரசபை 2017இல் எச்சரித்தது. மாத்திரை எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்கும்போது வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் மாத்திரை பரிந்துரைக்க வேண்டாம்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக: இரும்புக் கருவிகளை முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், பிறகே 70 சதவீத அல்கஹோல் போன்ற கிருமிநீக்கியில் ஊறவையுங்கள். அழுக்கோடு ஊறவைத்தால் பயனில்லை. அட்டை அரமும் மரக்குச்சியும் ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் கிருமி போய்விடும் என்று நம்பாதீர்கள். இரத்தம் பட்ட கருவியால் ஈரல் அழற்சிக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகக்கூடும்.

போன ஆவணியில் கோப்பாயிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். கலியாணத்துக்கு மூன்று கிழமை. மகள் தானே ஜெல்லைப் பிய்த்திருந்தாள். ஆறு விரலில் வெண்திட்டு, ஒன்றில் குறுக்குக் கிழிசல். "நீளமாக ஒட்டிவிடுங்கள் பிள்ளை, படத்தில் வடிவாக வர வேண்டும்" என்றார் தாய். நான் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன்: மூன்று கிழமையில் வளரக்கூடியது இரண்டு மில்லிமீற்றர். மெலிந்த நகத்தின்மேல் செயற்கை நகத்தின் பாரம் ஏற்றினால் கிழிசல் படுக்கைவரை போகும் என்றேன். தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகளின் கையை எடுத்து அந்தக் கிழிசலைத் தானே தடவிப் பார்த்தார். எல்லா நகத்தையும் குட்டையாக வெட்டி வட்டமாக்கினோம். கிழிசலுக்குத் தேநீர்ப் பையின் தாளில் சிறு துண்டு வெட்டி அடிப்பூச்சால் ஒட்டினேன். மூன்று கிழமையும் எண்ணெய். கலியாணத்துக்கு முதல் நாள் மாலை, ஊறவைக்காமல், அடிப்பூச்சு ஒன்றும் வெளிறிய ரோஜா நிறம் இரண்டு பூச்சும், மேற்பூச்சும். உள்ளங்கையில் மருதாணி ஏற்கெனவே சிவந்திருந்தது.